பழைய ஸ்கூட்டிக்குப் புதுப் பலம் தேடுபவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. பழைய ஸ்கூட்டி ஒன்றை அண்மையில் வாங்கியவர்கள், வாங்குவதற்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருப்பவர்கள், மனைவிக்கோ மகளுக்கோ தங்கச்சிக்கோ எடுத்துக் கொடுக்க நினைப்பவர்கள் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

ஆசிரியர் அறையிலும் சரி, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும்போதும் சரி, நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இதுதான்: "ஸ்கூட்டி எடுத்து ஒரு மாசம்தான். ஏத்தத்துல இழுக்குதில்ல. என்னத்த மாத்தினா இழுக்கும்?" கேட்டவருக்குப் பதில் சொல்ல நான்கு பேர் உடனே வருவார்கள். ஒருவர் சைலன்சரை மாற்றச் சொல்வார், ஒருவர் 95 பெற்றோல் அடிக்கச் சொல்வார், இன்னொருவர் எயார் ஃபில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடச் சொல்வார். நாலாமவர் "விற்றுவிட்டு வேறொன்று எடுங்கள்" என்பார். எங்கள் கருத்து இந்த நான்குக்கும் மாறானது. அந்த வாகனத்துக்குப் புதிதாக எந்தப் பலத்தையும் கொடுக்கத் தேவையில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த பலத்தை அது எங்கெங்கே தொலைத்தது என்று தேடி மீட்டால் போதும். அதற்கான செலவும், நாலு பேரும் சொல்லும் வேலைகளுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

ஏன் இப்போது இதைச் சொல்கிறோம் என்றால், எங்கள் சந்தையில் ஓடும் ஸ்கூட்டிகளின் வயது அப்படி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான், அதுவும் வரிச் சுமையோடு. நடுவிலே ஐந்து வருடங்கள். வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குப் பழைய ஸ்கூட்டிகள் கைமாறிய காலம் அது. 2022இல் கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று தொடங்கியபோது, காரை வீட்டில் நிறுத்திவிட்டு ஸ்கூட்டியில் போனவர்கள் எத்தனை பேர். ஆக, இன்று நீங்கள் வாங்கும் ஸ்கூட்டி பெரும்பாலும் 2020க்கு முன்னர் வந்தது. மூன்று, நான்கு கைகள் மாறியது. ஒவ்வொரு கையும் "அடுத்தவர் செய்துகொள்வார்" என்று விட்ட வேலைகள் எல்லாம் சேர்ந்து உங்களிடம் வந்திருக்கின்றன.

அதோடு எங்கள் மாவட்டத்தின் தரை. மாத்தளை டவுனுக்குள் மட்டும் ஓடுபவருக்குத் தெரியாமல் போகலாம். உக்குவளையிலிருந்து எல்கடுவைப் பக்கம் ஏறுபவருக்கும், றத்தோட்டை தாண்டி கம்மடுவைக்கோ றிவர்ஸ்டனுக்கோ போகும் தோட்டப் பாடசாலை ஆசிரியைக்கும் வாகனத்தின் ஒவ்வொரு குறையும் காலிலே தெரியும். தம்புள்ளைப் பக்கத்துச் சமதரையில் நல்லபடியாக ஓடிய ஸ்கூட்டியை வாங்கி வந்து இங்கே ஏற்றும்போதுதான் அது வாயைத் திறக்கிறது.

சரி, முதலில் ஒரு கணக்கு. சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தில் நாங்கள் கரும்பலகையில் போடும் அதே கணக்குத்தான். எங்கள் பெண்கள் அதிகம் ஓட்டும் ஸ்கூட்டி பெப் பிளஸ் ஏறக்குறைய 88 சீசீ. புதிதாக இருக்கும்போது அதன் உச்ச வலு சுமார் 3.7 கிலோவாற்று, அதாவது 5 குதிரை வலு. வாகனத்தின் எடை 95 கிலோ. ஓட்டுபவர் 70, பின்னால் இருப்பவர் 60 என்று வைத்தால் மொத்தம் 225 கிலோ. நூறு மீற்றர் போனால் பத்து மீற்றர் உயரும் ஏற்றத்தில், மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போனால், ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 0.83 மீற்றர் உயர்கிறோம். அந்தச் சுமையை உயர்த்துவதற்கு மட்டும் 1.9 கிலோவாற்று வேண்டும். டயர் உருள்வதற்கு, காற்றைத் தள்ளுவதற்கு, பெல்ட்டிலும் கியரிலும் வெப்பமாகப் போவதற்கு என்று மீதியையும் சேர்த்தால் எஞ்சினிடம் கையில் ஒன்றும் மிச்சமில்லை. இதே வாகனத்தில் இரண்டு பிள்ளைகள், புத்தகப் பைகள், முன்னால் சாமான் பை என்று இன்னொரு 75 கிலோவைச் சேர்த்தால் உயர்த்துவதற்கு மட்டும் 2.5 கிலோவாற்று. அது முடியாது. 30இல் போகாது, 20இல்தான் போகும். அப்படி மெதுவாகப் போவது பழுதல்ல, பௌதிகவியல். எந்தப் பாஸும் அதைத் திருத்த முடியாது. நான்கு பேர் ஒரு ஸ்கூட்டியில் போவது சட்டப்படியும் குற்றம், பிள்ளைகளுக்கும் ஆபத்து.

உயரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஆயிரம் மீற்றர் மேலே போனால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. கார்பரேட்டர் உள்ள வாகனம் மலைக்கு மேலே கொஞ்சம் சோர்ந்து போவது இயற்கை.

ஆனால் தனியாகப் போகும்போதே, சாதாரண ஏற்றத்திலேயே இழுக்கவில்லை என்றால், அங்கேதான் தேட வேண்டும். செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள்.

டயர் காற்று. சிரிக்க வேண்டாம். காற்றுக் குறைந்த டயர்தான் ஸ்கூட்டியின் மிகப் பெரிய திருடன். எத்தனை பிஎஸ்ஐ என்பது கையேட்டில் இருக்கும், பல வாகனங்களில் ஸ்டிக்கராகவும் ஒட்டியிருப்பார்கள். முன் டயருக்குக் குறைவு, பின் டயருக்குக் கூடுதல், பின்னால் ஆள் இருந்தால் இன்னும் கூடுதல். விரலால் அமத்திப் பார்த்து "காணும்" என்று சொல்வதை ஏற்க வேண்டாம், மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். பூ இருந்தாலும் அந்த றப்பர் காய்ந்து போயிருக்கும், மழையில் பிடிக்காது. இதை வாங்குவதற்கு முன்னரே பார்த்தால் விலை பேசவும் உதவும்.

அடுத்தது பிரேக். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்திவிட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். முன் சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். உரசி உடனே நின்றால், பிரேக் கேபிளை யாரோ அளவுக்கு மிஞ்சி இறுக்கியிருக்கிறார் அல்லது உள்ளே ஷூ திரும்பி வருவதில்லை. அப்படிப்பட்ட வாகனத்தில் பிரேக் பிடித்தபடியே மலை ஏறுகிறீர்கள். பிரேக் அதிகம் பிடிக்காமல் இரண்டு கிலோமீற்றர் ஓடிவிட்டு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். சூடு அடித்தால் அதுதான் காரணம்.

எயார் ஃபில்டரில் கவனம் வேண்டும், ஏனென்றால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஸ்பொஞ்ச் வகையைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மெல்ல எண்ணெய் தடவிப் போடலாம். கடதாசி வகையைக் கழுவக் கூடாது. எண்ணெய் ஊறிய கடதாசி வகை ஒன்றும் உண்டு. அதற்கு காற்றுப் பிடித்து ஊதினாலே கெட்டுவிடும், மாற்றத்தான் வேண்டும். ஃபில்டரையே எடுத்துவிட்டு ஓடுவது பற்றிக் கேட்கிறார்கள். எங்கள் தோட்டப் பாதைகளின் தூசு நேராக சிலிண்டருக்குள் போகும். ஒரு மாதம் சத்தமாக ஓடும், பிறகு எஞ்சின் வேலை.

பிளக்கைக் கழற்றினால் வாகனம் தன் கதையைச் சொல்லும். வெளிர் கபிலம் என்றால் நல்லது. கரி பிடித்துக் கறுப்பாக இருந்தால் பெற்றோல் கூடி எரிகிறது, அல்லது காற்று அடைபட்டிருக்கிறது. வெள்ளையாக இருந்தால் பெற்றோல் போதவில்லை, எஞ்சின் சூடாகிறது. இன்னொரு சாட்சியும் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. வருமான அனுமதிப்பத்திரத்துக்காக எடுக்கும் புகைப் பரிசோதனைத் தாளை யாரும் வாசிப்பதில்லை. அதிலே காபனோரொட்சைட்டு, ஐதரோகாபன் என்று இரண்டு அளவுகள் இருக்கும். காபனோரொட்சைட்டு எல்லைக்குக் கிட்ட நின்றால், உங்கள் பெற்றோலில் ஒரு பங்கு சரியாக எரியாமல் வெளியே போகிறது. காசு கொடுத்து எடுத்த மருத்துவ அறிக்கை அது, பத்திரமாக வைத்துப் பாஸிடம் காட்டுங்கள்.

எண்ணெய் விஷயம். சிறிய ஸ்கூட்டியின் எஞ்சினுக்குள் போவது ஒரு லீற்றருக்கும் குறைவான எண்ணெய். அதனால்தான் கொஞ்சம் குறைந்தாலும் உடனே பாதிக்கிறது. கையேட்டில் என்ன தரம் இருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். காருக்கு வாங்கி மிஞ்சியதை வீணாக்காமல் ஊற்றும் சிக்கனம் வேண்டாம். அதற்கு மேல் பின் சக்கரத்தோடு இருக்கும் கியர் பெட்டிக்குத் தனியாகக் கொஞ்சம் எண்ணெய் உண்டு. ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான். வாங்கிய நாளிலிருந்து அதை ஒருமுறையும் மாற்றாத ஸ்கூட்டிகள் ஊரில் நிறைய இருக்கும்.

வால்வு இடைவெளியை மூன்றாவது, நான்காவது சொந்தக்காரர் யாரும் பார்த்திருக்க மாட்டார். மில்லிமீற்றரில் பத்திலொன்று, பத்திலிரண்டு என்ற அளவில் வைக்கும் இடைவெளி அது. அது இறுகிவிட்டால் வால்வு முழுதாக மூடாது, அமுக்கம் கசியும், காலையில் ஸ்டார்ட் ஆவதும் கஷ்டம், ஏற்றத்தில் இழுப்பும் குறையும். அனுபவமுள்ள பாஸுக்குச் சிறிய வேலை. எஞ்சின் ஆறிய பிறகு செய்ய வேண்டும். ஆகவே காலையில் கொண்டு போய் விட்டுவிட்டு வாருங்கள்.

இனி முக்கியமான இடம். கியர் மாற்றத் தேவையில்லாத ஸ்கூட்டியில், இடது பக்க மூடிக்குள் ஒரு றப்பர் பெல்ட் இருக்கிறது. அது முன்னால் ஒரு கப்பியிலும் பின்னால் ஒரு கப்பியிலும் ஓடுகிறது. முன் கப்பிக்குள் ஆறு சிறிய உருளைகள், ரோலர் என்போம். வேகம் கூடும்போது அவை வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, கப்பியை நெருக்கி, பெல்ட்டை மேலே ஏற்றும். கியர் மாறுவது இப்படித்தான். வருடக் கணக்கில் ஓடிய பெல்ட் தேய்ந்து ஒடுங்கிவிடும், பக்கங்கள் கண்ணாடி போல வழுக்கும். ரோலர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். அப்போது எஞ்சின் அலறும், வாகனம் நகராது. பின்னாலுள்ள கிளச் ஷூ தேய்ந்திருந்தாலும் இதே கதை. "எஞ்சின் போய்விட்டது" என்று சொல்லப்படும் எத்தனையோ ஸ்கூட்டிகளில் எஞ்சின் நன்றாகவே இருக்கிறது, பெல்ட்டும் ரோலரும்தான் போயிருக்கின்றன. கையேட்டில் இத்தனை கிலோமீற்றருக்குப் பெல்ட்டை மாற்று என்று இருக்கும். ஆனால் பழைய வாகனத்தின் மீற்றரை நம்ப முடியாது. கேபிள் அறுந்து ஒரு வருடம் ஓடியிருக்கும், சில வேளை வேண்டுமென்றே திருப்பியும் இருப்பார்கள். கால் வைக்கும் றப்பரின் தேய்வையும் கைப்பிடியையும் சாவித் துவாரத்தையும் பாருங்கள், அவை பொய் சொல்லாது. சந்தேகம் இருந்தால் மூடியைக் கழற்றிப் பெல்ட்டின் அகலத்தை அளக்கச் சொல்லுங்கள். ரோலர் மாற்றினால் ஆறையும் ஒன்றாக மாற்ற வேண்டும்.

எடை குறைந்த ரோலர் போட்டால் ஏற்றத்தில் நன்றாக இழுக்கும் என்பது உண்மைதான். எஞ்சின் கூடுதலாகச் சுற்றும், பெற்றோலும் கூடுதலாகக் குடிக்கும். தினமும் மலைப் பாதையில் போகும் ஒருவருக்கு அதிலே நியாயம் இருக்கலாம். ஆனால் முதலில் கம்பனி எடையிலேயே புது ரோலர் போட்டு ஒரு மாதம் ஓடிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும் என்று ஆகிவிடும்.

95 ஒக்டேன் பெற்றோல் பற்றி ஒரு வரி. ஒக்டேன் என்பது சக்தியின் அளவல்ல. உயர்ந்த அமுக்கத்தில் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் அளவு. எங்கள் சின்ன ஸ்கூட்டிகளுக்கு 92 போதும். மிச்சக் காசைப் பெல்ட்டுக்குச் சேருங்கள்.

சைலன்சர் விஷயத்தில் எங்கள் தம்பிமாரிடம் நேராகவே பேச வேண்டும். உள்ளே இருக்கும் தடுப்புகளை வெட்டி எடுத்தால் சத்தம் வருகிறது, வேகம் வருவதில்லை. அந்த எஞ்சினின் கார்பரேட்டர் பழைய சைலன்சருக்கு ஏற்றபடி அமைத்தது. காற்று வழி மாறினால் கலவை குழம்பும், சில வேளை கீழ் வேகத்தில் இழுப்பு இருந்ததைவிடக் குறையும், அதாவது ஏற்றத்துக்குத் தேவையான இடத்திலேயே குறையும். காதுக்குப் பெரிதாகக் கேட்பதால் வேகம் கூடியது போலத் தோன்றுகிறது. நோயாளி படுத்திருக்கும் வீட்டைத் தாண்டி, தராவீஹ் நேரத்தில் பள்ளிவாசலைத் தாண்டி, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் ஜன்னலைத் தாண்டி அந்தச் சத்தத்தோடு போகிறீர்கள். பொலிஸ் பிடிக்கும் என்பதைவிட இதுதான் எங்களுக்கு வருத்தம்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். ஆசிரியை ஒருவரோ, ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் தங்கச்சி ஒருவரோ கராஜுக்குப் போய் "இழுக்குதில்லை" என்று சொன்னால், "பொம்பளைகள் ஓட்டினால் அப்படித்தான்" என்று ஒரு சிரிப்போடு அனுப்பிவிடுகிறார்கள். அல்லது அவர் சொல்வதைக் கேட்காமல், "நானாவை அனுப்புங்கள், பேசிக்கொள்கிறோம்" என்கிறார்கள். தினமும் அந்த ஸ்கூட்டியில் இருபது, முப்பது கிலோமீற்றர் போவது அவர். எந்த வளைவில் திணறுகிறது, சூடானால் திணறுகிறதா ஆறியிருக்கும்போதா, எந்த வேகத்தில் நடுங்குகிறது என்று அவருக்குத்தான் தெரியும். அந்தத் தகவல் இல்லாமல் எந்தப் பாஸும் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது. நகையை விற்றும் சீட்டை எடுத்தும் அவர் வாங்கிய வாகனம் அது. பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல் நேரத்துக்குப் பாடசாலை போய், அஸருக்கு முன் வீடு வந்து சேர்வதற்கு அவருக்கு இருக்கும் ஒரே வழி. கணவன்மாரும் சகோதரர்களும் கூடப் போவது நல்லது. கூடப் போங்கள், பேசுவதை அவரிடம் விடுங்கள்.

சகோதரிகளுக்கும் ஒன்று. அனுமதிப்பத்திரத்தின் வகுப்பைப் பாருங்கள். 100 சீசீக்கு உட்பட்டதற்கு ஏ1, அதற்கு மேல் ஏ. பெப் பிளஸ் ஏ1க்குள் வரும். 109 சீசீ டியோவுக்கு வராது. வாகனம் மாற்றும்போது இதை மறந்துவிடுகிறார்கள், விபத்து நடந்து காப்புறுதிக்குப் போகும்போதுதான் தெரியவருகிறது.

கலாசாலையில் பழகிய பழக்கம், எதற்கும் ஒரு கொப்பி போடுவது. ஸ்கூட்டிக்கும் ஒரு கொப்பி போடுங்கள். தாங்கியை நிரப்பி மீற்றரை எழுதுங்கள், அடுத்த முறை மீண்டும் நிரப்பும்போது எத்தனை லீற்றர், எத்தனை கிலோமீற்றர் என்று எழுதுங்கள். ஒரு வேலை செய்வதற்கு முன் ஒருமுறை, செய்த பின் ஒருமுறை. பெல்ட் மாற்றியதால் பயன் கிடைத்ததா என்று அந்தக் கொப்பி சொல்லும். எல்லா வேலையையும் ஒரே நாளில் செய்தால் எது குறை என்று கடைசிவரை தெரியாது. சீட் கவர், எல்ஈடி விளக்கு, ஸ்டிக்கர் எல்லாம் அந்தக் கொப்பி நிரம்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏறுவது பற்றியே பேசிவிட்டோம், இறங்குவதுதான் உயிர் விஷயம். ஸ்கூட்டியின் கிளச் எஞ்சின் வேகம் குறைந்தால் தானாகவே விட்டுவிடும். கியர் பைக்கில் இரண்டாவது கியரில் இறங்குவது போல இங்கே எஞ்சின் பிடித்து வைத்திருக்காது. ஓரளவு வேகம் இருக்கும்வரை பிடிக்கும், அதற்குக் கீழே போனதும் வாகனம் சும்மா உருளத் தொடங்கும். அந்த நேரத்தில் மெதுவாக ஒரு சின்ன முறுக்கு கொடுத்து விட்டால் கிளச் மீண்டும் பிடிக்கும், எஞ்சினும் கொஞ்சம் தாங்கும். றிவர்ஸ்டன், எல்கடுவைப் பாதைகளில் இறங்கும்போது ஒரு பிரேக்கையே விடாமல் பிடித்துக்கொண்டு வராதீர்கள். சூடானால் பிடிப்புப் போய்விடும். இரண்டையும் சேர்த்து, பிடித்து விட்டு, பிடித்து விட்டு, வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறையுங்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டு உருண்டு வரும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள். எஞ்சின் நின்றிருந்தால் அந்தச் சின்ன முறுக்கும் வேலை செய்யாது.

கடைசியாக எங்கள் ஊர்ப் பாஸ்மாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கைத்திறனில் எங்களுக்குக் குறை இல்லை. கழற்றும் பழைய பெல்ட்டை, ரோலரை, பிளக்கை ஒரு பையில் போட்டு வாகனத்துச் சொந்தக்காரியின் கையில் கொடுத்துவிடுங்கள். என்ன மாற்றினீர்கள், எத்தனை கிலோமீற்றரில் மாற்றினீர்கள் என்று பில்லில் இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த முறை யார் வாங்கினாலும் அந்தப் பில்லைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள், உங்கள் கராஜின் பெயரையும் பார்ப்பார்கள்.